மூன்று கோட்டு ஸ்க்ரூ

அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடி முழுக்க செல்போன், லேப்டாப், கேமரா ரிப்பேர் கடைகள். முப்பது கடைகள் இருக்கும். முப்பது கடைக்காரர்களுக்கும் பொதுவாக ஒரு வெட்கக்கேடு இருந்தது. ஸ்க்ரூ கழற்றத் தெரியாமல் அதன் தலையைத் தேய்த்துவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாம் எண் கடைக்குப் போய் நிற்க வேண்டும். ஒன்பதாம் எண் கடைக்காரருக்கு நேரில் பெயர் மாஸ்டர். அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் புடுங்கி.

புடுங்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதை அவரைக் கண்டால் ஆகாதவர்கள்கூட ஒப்புக்கொள்வார்கள். கடுகளவு ஸ்க்ரூ. தலையில் இருந்த கூட்டல் குறி தேய்ந்து வெறும் குழியாகியிருக்கும். டிரைவரை வைத்தால் சறுக்கும். மாஸ்டர் முதலில் ஒரு ரப்பர் பேண்டுத் துண்டைத் தலைமேல் விரித்து, அதன்மேல் டிரைவரை அழுத்தித் திருப்பிப் பார்ப்பார். மசியவில்லை என்றால் டிரைவர் முனையில் நறநறவென்று மணல் கலந்த பசையைத் தொட்டுக்கொள்வார். அதற்கும் மசியவில்லை என்றால் சால்டரிங் அயர்ன் முனையைத் தலைமேல் வைத்துச் சூடேற்றுவார். கடைசி வழி ரம்பம். மயிரிழை ரம்பத்தால் தலையின் குறுக்கே புதிதாக ஒரு கோடு வெட்டி, தட்டை டிரைவரை அதில் நிறுத்தி, இரண்டே விரல் அசைய ஒரு திருப்பு. ஸ்க்ரூ பேசாமல் வெளியே வந்துவிடும்.

அதோடு விட்டால் மனிதரைக் கும்பிடலாம். விடமாட்டாரே! ஸ்க்ரூவைச் சாமணத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணில் மாட்டிய லென்ஸை நெற்றிக்கு ஏற்றி, கொண்டுவந்தவனை மேலும் கீழும் பார்ப்பார்.

"இதை எதால திருப்பினே? பல்லாலயா?"

"டிரைவர்தான் மாஸ்டர். கூட்டல் டிரைவர்."

"கூட்டல் போட்டதெல்லாம் ஒரே டிரைவரா? முனை கொஞ்சம் கூரா இருந்தா அடியில இடிக்கும், ஓரத்தைப் பிடிக்காது. உன் கையில ஸ்பூன் குடுக்கறதே ஜாஸ்தி. இதுல துரை கேமரா தொறக்கறாரு!"

பக்கத்துக் கடைகளில் சிரிப்பார்கள். இன்று சிரித்தவன் நாளை அதே இடத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான், இன்று நின்றவன் சிரிப்பான். இப்படியே பதினாறு வருஷம் ஓடியிருந்தது. இந்தப் பதினாறு வருஷத்தில் தேய்ந்த ஸ்க்ரூவைப் பார்த்தால் மாஸ்டருக்கு முதலில் தோன்றும் கேள்வி, இதை எப்படிக் கழற்றுவது என்பதல்ல. எந்த முட்டாள் இதைத் தொட்டான் என்பதுதான்.

கீழ்த்தளத்தில் படிக்கட்டை ஒட்டி வாட்ச்காரம்மாவின் கடை. மாஸ்டர் வயதுதான் இருக்கும் அந்த அம்மாளுக்கும். அவருக்கு மாஸ்டர் வைத்த பெயர் பேட்டரியம்மா. "பழைய பேட்டரியை எடுத்துட்டு புதுசு போடறது ஒரு வேலையா? என் வீட்டுக்காரி டார்ச் லைட்டுக்கு அதைத்தான் பண்றா," என்று படியிறங்கும்போது வேண்டுமென்றே உரக்கச் சொல்வார். அந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. தான் சொன்னது உறைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்வார்.

மாஸ்டர் வாயடங்கி நிற்கும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அவருடைய அக்கா.

அக்காவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. வானொலியில் பேசுகிற வேலை. வாரத்தில் ஐந்து நாள், காலை ஆறரை முதல் ஏழு வரை, நேரடி ஒலிபரப்பு. ஊரிலுள்ளவர்கள் போன் போட்டு எதையாவது கேட்பார்கள். அக்கா பதில் சொல்வாள், கிண்டலடிப்பாள், சமயத்தில் கேட்டவரையே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திருப்பிக் கேட்பாள். மாஸ்டருக்கு இருக்கும் அதே வாய்தான். அவளுக்கு அதற்குச் சம்பளம் தருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு மதியம் அவள் கோலைத் தட்டிக்கொண்டு, வழி கேட்டுக்கொண்டு மாடியேறி வந்தாள். குரலை வைத்தே பாதிக் கடைகள் அடையாளம் கண்டு எழுந்து வழிவிட்டன. ஸ்டூலில் உட்கார்ந்து மணிக்கட்டிலிருந்து வாட்ச்சைக் கழற்றினாள்.

"கீழ வாட்ச்காரம்மாகிட்டதான் குடுக்க வந்தேன். உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு ஏறினேன்."

"யார்கிட்ட? பேட்டரியம்மாகிட்டயா? இதுல பேட்டரியே கிடையாதேக்கா. திறந்து பாத்ததும் அந்தம்மா மயங்கி விழுந்துடும்."

அது சாவி கொடுக்கிற வாட்ச். மேல்கண்ணாடி மூடிபோலத் திறக்கும். உள்ளே முட்களைத் தொட்டுப் பார்க்கலாம், மணி எண்களுக்குப் பதில் மேடான புள்ளிகள். பேசிக்கொண்டே இடது கை வாட்ச்சை வலது கை விரலால் தடவி, யாருக்கும் தெரியாமல் அக்கா நேரம் பார்த்துக்கொள்வாள். ஏழு மணிக்குத் தலைமை நிலையத்திலிருந்து செய்தி வந்து விழும். அது யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு நிமிஷம் முன்னால் முடித்தால் ஊர் முழுக்க மௌனம் கேட்கும். தாண்டினால் பேச்சு பாதியில் வெட்டுப்படும். போன மாதம் இரண்டு முறை வெட்டுப்பட்டுவிட்டது, இந்த வாட்ச் திடீர் திடீரென்று நின்றுபோனதால்.

"இன்னும் ஒரு தடவை வெட்டுப்பட்டா நேரடி கிடையாது, முன்னாடியே பதிவு பண்ணி வெட்டி ஒட்டித்தான் போடுவோம்னு மேனேஜர் சொல்லிட்டாரு," என்றாள் அக்கா. "போன்ல ஒருத்தர் கேக்க நான் பதில் சொல்றதுதான்டா என் பிழைப்பு. யாரும் கேக்காத ரூம்ல தனியா உக்காந்து பேசணும்னா, அதை நான் குளிக்கும்போதே பண்ணிடுவேனே."

"போனை வெச்சுக்கோயேன். அது அதிருமே."

"மைக் பக்கத்துல போனா? 'கிர்ர்'ருனு ஊருக்கே கேக்கும். உள்ள விடவே மாட்டாங்க. காதுல ஹெட்போன் மாட்டிவிட்டு டெக்னீஷியன் நேரம் சொன்னான், அவன் பேச்சும் என் பேச்சும் குழம்பிடுச்சு. இந்த வாட்ச்தான் எனக்கு. சாவி குடுத்தா கரகரன்னுது, ஏற மாட்டேங்குது. அந்தம்மாகிட்டயே குடுத்துடறேனே?"

"உக்காரு பேசாம. வாட்ச்சுன்னா என்ன, நாலு பல்சக்கரம், பத்து ஸ்க்ரூ. ஸ்க்ரூ விஷயம் யாருக்குத் தெரியும், எனக்கா அந்தம்மாவுக்கா?"

அக்கா உட்கார்ந்தாள். அது அவள் செய்த தப்பு. இத்தனை வருஷமாகத் தம்பியின் வாயைத் தெரிந்தவள் அவன் கைவேலையை நம்பியதும் நியாயம்தான்.

மாஸ்டர் பின்மூடியைத் திறந்து லென்ஸைக் கண்ணில் இறக்கினார். இறக்கியதும் சிரித்தார். சாவிச் சக்கரத்தின் நடுவே இருந்த ஸ்க்ரூவின் தலையில் ஒரு கோட்டுக்குப் பதில் மூன்று கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின.

"வந்துருக்கான் பாரு எவனோ ஒரு மேதாவி. ஒரு கோட்டுல திருப்ப வரலை, இன்னொண்ணு வெட்டியிருக்கான். அதுலயும் வரலை, மூணாவதா ஒண்ணு. ஸ்க்ரூவுக்குப் பட்டை போட்டு விட்டுட்டான்."

"எங்க, காட்டு." அக்கா நகத்தின் நுனியை மெல்ல அதன்மேல் ஓட்டினாள். இரண்டு முறை ஓட்டினாள். "மூணும் ஒரே இடைவெளியில இருக்கேடா. ஓரத்துல பிசிறே இல்லை. முட்டாள் வெட்டினா இவ்வளவு அழகாவா வெட்டுவான்?"

"பொறுமையான முட்டாளா இருப்பான்."

பக்கத்துக் கடைக்காரர் களுக்கென்று சிரித்தார். அந்தச் சிரிப்பு போதும் மாஸ்டருக்கு. தட்டை டிரைவரை நடுக்கோட்டில் நிறுத்தி, உலகத்து ஸ்க்ரூக்கள் எல்லாம் எந்தப் பக்கம் கழலுமோ அந்தப் பக்கம், இடது பக்கம், திருப்பினார். கால் சுற்று அசைந்தது.

"பாத்தியா? வருது!"

பிறகு நின்றுவிட்டது.

"அசைஞ்சுதுன்னா ஒரு தடவை சாவி குடுத்துப் பாரேன்," என்றாள் அக்கா.

"ஸ்க்ரூவையே இன்னும் கழட்டலை, அதுக்குள்ள சாவியா? வேலை நடக்கும்போது நடுவுல பேசாதேக்கா."

அடுத்த முக்கால் மணி நேரம் மாஸ்டர் தன் வித்தையெல்லாம் காட்டினார். ஊசி முனையில் ஒரு துளி எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். திருப்பினார். சூடு வைத்தார். திருப்பினார். டிரைவர் முனையைச் சாணைக்கல்லில் தேய்த்து, கோட்டுக்குள் இம்மியும் இடமில்லாமல் பொருந்தும்படி செய்துகொண்டு மறுபடி திருப்பினார். ஸ்க்ரூ இருக்க இருக்க இறுகிற்று. ஒவ்வொரு முறையும் அந்த முகம் தெரியாத மேதாவியை அவர் ஒரு படி கீழே இறக்கினார். முதலில் அவன் முட்டாளாக இருந்தான். பிறகு குருட்டு அதிர்ஷ்டத்தில் கடை வைத்தவன் ஆனான். கடைசியில் அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவனையும் பெற்றவர்களையும் இழுத்தார். இதற்குள் நாலைந்து கடைக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றிருந்தார்கள். மாஸ்டருக்கே மசியாத ஸ்க்ரூவைப் பார்க்கும் பாக்கியம் எத்தனை நாளைக்கு ஒரு முறை கிடைக்கும்?

"எனக்கா தண்ணி காட்டறே," என்று மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு அழுத்து அழுத்தித் திருப்பினார்.

டிக்.

மெல்லிய சத்தம்தான். ஸ்க்ரூவின் தலை தனியாகத் துள்ளி மேசை விரிப்பில் விழுந்தது. கழுத்துக்குக் கீழே மிச்சம் இருந்த துண்டு உள்ளேயே தங்கிவிட்டது. மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடா உடைஞ்சுது?" என்றாள் அக்கா.

"அது... அவன் தொட்டப்பவே விரிசல் விட்டிருக்கு. லேசா பட்டதும்..."

"லேசாவா? நீ மூச்சு பிடிச்சது எனக்குக் கேட்டுது. விரிசல் இருந்துச்சுன்னா உன் மண்டையிலதான் இருந்திருக்கும். எழுந்திரு, கீழ போலாம்."

இரண்டாம் மாடி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மாஸ்டர் ஒரு கையில் வாட்ச்சும் இன்னொரு கையில் அக்காவுமாகப் படியிறங்கினார். நாற்பத்திரண்டு படி. வழக்கமாக உரக்கச் சொல்கிற இடம் வந்தபோது அவருக்கு அந்த வாசகம் நினைவுக்கு வந்தது. காது இரண்டும் சூடாகிவிட்டன.

வாட்ச்காரம்மா லென்ஸை மாட்டி உள்ளே பார்த்தார். மேசையில் வைத்த ஸ்க்ரூ தலையைச் சாமணத்தால் எடுத்துப் பார்த்தார். அவசரமே படவில்லை.

"எந்தப் பக்கம் திருப்பினீங்க?"

"இடது பக்கம். கழட்டறதுன்னா இடது பக்கம்தானே," என்றார் மாஸ்டர்.

"இது இடது மரை, வலது பக்கம் திருப்பினாத்தான் கழலும். சாவிச் சக்கரம் சுத்துற வாக்குல வலது மரை போட்டா தானா கழண்டுடும்னு செஞ்சவன் மாத்திப் போட்டிருக்கான். தெரியாதவன் மாத்தித் திருப்பிடக் கூடாதேன்னு தலையில அடையாளமா மூணு கோடும் போட்டு வெச்சிருக்கான். இதுக்கு மேல அவன் என்ன பண்ணுவான் பாவம், கூடவே வந்து உக்காந்துக்குவானா?"

மாஸ்டர் அந்த அம்மாளின் சாமணத்தில் இருந்த தலையை எட்டிப் பார்த்தார்.

"முதல் தடவை திருப்பினப்போ அசைஞ்சுதா?"

"கால் சுத்து அசைஞ்சுது."

"ஸ்க்ரூ தளர்ந்திருக்கு, அதான் சாவி ஏறலை. நீங்க கால் சுத்து முடுக்கினதும் ரிப்பேர் முடிஞ்சுடுச்சு. அப்பவே சாவி குடுத்துப் பாத்திருந்தா ஓடியிருக்கும்." அந்த அம்மாள் லென்ஸைக் கழற்றினார். "அதுக்கப்புறம் நீங்க பண்ணினது எல்லாம் உங்க ஆசைக்குப் பண்ணினது."

பேட்டரியம்மா என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் மாஸ்டர் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். அதற்கும் வழியில்லை. உள்ளே மாட்டிய துண்டை எடுத்து, அதே அளவு ஸ்க்ரூ தேடிப் போட பத்து நாள் ஆகும் என்றார் வாட்ச்காரம்மா. நாளைக் காலைக்குள் முடியவே முடியாது.

வெளியே வந்ததும் அக்கா நின்றாள்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஸ்டேஷன் வாசல்ல நிக்கறே."

"எதுக்கு?"

"வாட்ச்சை உடைச்சவன்தான் வாட்ச்சா வரணும். மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கறேன். பக்கத்துல உக்காந்து என் மணிக்கட்டுல அழுத்து. பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு அழுத்து, அஞ்சுக்கு ரெண்டு, ஒரு நிமிஷம்னா மூணு. கடைசிப் பத்து செகண்டுக்கு ஒவ்வொண்ணா தட்டு. பேசக்கூடாது. இருமக்கூடாது. அங்க எனக்கு நீதான் மணி. நீ ஏழுன்னா ஏழு. தப்பா சொன்னேன்னா, இதோட என் வேலை போச்சு."

மறுநாள் காலை அவர் போனார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன், இந்தப் பக்கம் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் பெரிய கடிகாரம். சாவிக்கொத்து கிலுங்கும் என்று அதை வெளியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும் அக்கா வேறு ஆளாகிவிட்டாள். குரல் கதகதவென்று நிறைந்தது. போன்கள் வந்தன. ஒருவருக்கு மாமியார் பிரச்சினை, ஒருவருக்கு வேலை மாறலாமா என்ற குழப்பம். வழக்கமான மாஸ்டராக இருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் வைத்திருப்பார். இன்று கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆறு ஐம்பதுக்கு ஒரு அழுத்து அழுத்தினார். ஐம்பத்தைந்துக்கு இரண்டு.

அக்கா போன்களை நிறுத்தச் சொல்லி, "மிச்ச நேரத்துல ஒரு கதை சொல்றேன், நேத்து நடந்தது," என்று ஆரம்பித்தாள்.

அவள் எதையும் விடவில்லை. எந்த ஸ்க்ரூவையும் கழற்றும் மேதை ஒருவர், அவர் முன்னால் கைகட்டி நிற்கும் கடைக்காரர்கள், பல்லால் திருப்பினாயா என்ற கேள்வி, மூன்று கோடு, பொறுமையான முட்டாள். மாஸ்டரின் குரலை அப்படியே வேறு காட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியனின் தோள்கள் குலுங்கின. இரண்டாம் மாடிக்காரர்கள் வீட்டில் காபி குடிக்கும் நேரம் இது. குறைந்தது பத்துப் பேர் வீட்டிலாவது இந்த நிகழ்ச்சி ஓடும், மாஸ்டருக்குத் தெரியும். இன்னும் அவள் ஆள் யாரென்று சொல்லவில்லை. சொல்லத்தான் போகிறாள். அவளைப் பெற்ற வயிற்றில் பிறந்தவருக்கு அது தெரியாதா?

மணி ஆறு ஐம்பத்தெட்டு.

விரல்கள் அவள் மணிக்கட்டின்மேல் இருந்தன. இப்போதே மூன்று அழுத்து அழுத்தினால் போதும். ஒரு நிமிஷம்தான் பாக்கி என்று நம்பி அக்கா கதையைச் சுருட்டிக்கொண்டு நன்றி சொல்லிவிடுவாள். பெயர் வெளியே வராது. பதினாறு வருஷத்து மானம் மிஞ்சும். மிச்சம் ஒரு நிமிஷம் ஊருக்கு மௌனம் கேட்கும். மேனேஜர் அந்த மௌனத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறார். புது ஆள், கைதவறிவிட்டது என்று சொன்னால் யார் என்ன கேட்க முடியும்? நேற்று விரிசல் என்று சொன்னவருக்கு இன்று கைதவறல் என்று சொல்வது கஷ்டமா? அவர் விரல் ஒரு கணம் இறுகியது. அக்கா அதை உணர்ந்திருக்க வேண்டும், பேச்சில் ஒரு சின்னத் தடுக்கல். இது அழுத்தா இல்லையா என்று காத்தாள். அவர் அழுத்தவில்லை. கடிகாரத்தின் சிவப்பு முள் ஒரு முழுச் சுற்று வரும்வரை வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தொன்பது ஆனதும், சரியாக மூன்று.

அக்காவின் குரல் மாறியது. கிண்டல் இறங்கிவிட்டது.

"அவர் கைவேலைக்கு நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனா தனக்கு முன்னால தொட்டவன் எல்லாம் முட்டாள்னு முடிவு பண்ணிட்டுத்தான் அவர் டிரைவரையே எடுப்பாரு. செஞ்சவன் மூணு கோடு போட்டு எழுதி வெச்சதைக் கண்ணு இருந்தும் அவரால படிக்க முடியலை. நான் தடவிப் பாத்துக் கேட்டேன். எனக்கும் பதில் கிடைக்கலை."

பத்து. மாஸ்டர் தட்டினார். ஒன்பது. எட்டு.

"சின்ன வயசுல எல்லாரையும் பழிச்சுப் பேசினவ நான். கேட்டுச் சிரிச்சவன் அவன். கத்துக்கிட்டது என்கிட்டதான்."

ஐந்து. நான்கு. எண்ணிக்கை தவறவில்லை.

"அவன் என் தம்பி. வணக்கம்."

ஒன்று. சிவப்பு விளக்கு அணைந்தது. கூரையிலிருந்த ஒலிபெருக்கியில் செய்தி வாசிப்பவரின் குரல் ஒரு இம்மி இடைவெளியும் இல்லாமல் வந்து ஒட்டிக்கொண்டது. டெக்னீஷியன் கண்ணாடி வழியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அக்காவுக்கு அது தெரியாது, மாஸ்டர் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவமானத்தில் அவர் முகம் எரிந்தது. ஏமாற்றாமல் விட்டோமே என்ற நிம்மதியும் அந்த எரிச்சலுக்குள்ளேயே கிடந்தது. எது எதுவென்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரியவில்லை.

"இப்ப பேசலாம்டா," என்றாள் அக்கா.

அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, போதும் விடு. செய்தி ஆரம்பிச்சு அரை நிமிஷம் ஆச்சு, இன்னும் தட்டிக்கிட்டே இருக்கே."